கரணையைக் கையில் எடுங்கள்!



சம்பா அறுவடை முடியப் போகிறது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, அந்தத் தண்ணீர் நம் கடைமடைக்கு வந்து சேர்ந்து, நாற்றங்காலுக்கு ஆள் கூப்பிடும் வரைக்கும் வயலில் நமக்கு வேலை கிடையாது. வேலை திரும்பி வரும்போது பின்னாலேயே ஐப்பசி மழையும் வந்துவிடும். ஆக, சுவர் எழுப்ப நமக்குக் கிடைத்திருப்பது மாசி தொடங்கி ஆனி வரைதான். இந்தக் கோடையைக் கோட்டைவிட்டால், இன்னொரு மழைக்காலம் முழுக்கப் பாத்திரங்களை வரிசையாக வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கப் போகிற குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. யார் யார் என்று நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்ட வாருங்கள். சம்பளத்துக்கு அல்ல, நன்றிக்கும் அல்ல. நம் கையால், நம்மில் ஒருத்திக்கு. ஊருக்கு ஒரு வீடு, இந்தக் கோடைக்குள். இதுதான் அழைப்பு.

முதலில் ஊருக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். கடைக்கால் போட்டு, பேஸ்மட்டம் கட்டி, அதோடு நின்றுபோன வீடு ஒன்றாவது கண்ணில் படும். நடுவில் எருக்கு முளைத்திருக்கும். லிண்டல் வரை எழும்பி, கம்பி துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நிற்கும் வீடு இன்னொன்று. அதன் பக்கத்திலேயே கீற்றுச் சார்ப்பு இறக்கி, அதற்குள் நாலு பேர் குடியிருப்பார்கள். பழைய தொகுப்பு வீடுகளைப் பாருங்கள். கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. குழந்தைகளை எந்த மூலையில் படுக்க வைப்பது என்று தாய்மார்கள் தினமும் அண்ணாந்து பார்த்துத்தான் பாய் விரிக்கிறார்கள்.

வீடு ஏன் பாதியில் நின்றது? "கொடுத்த காசைக் குடித்துவிட்டான்" என்று டீக்கடையில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நாம் கணக்கைப் பார்ப்போம்.

2016இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் சமவெளியில் ஒரு வீட்டுக்கு வைத்த தொகை 1,20,000 ரூபாய். ஒன்றிய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. குறைந்தது 25 சதுர மீட்டர் கட்ட வேண்டும். கான்கிரீட் கூரைக்கென்று தமிழ்நாடு அரசு தனியாகச் சேர்த்துக் கொடுக்கிறது. 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது அதன் இலக்கு. திட்டம் இருக்கிறது, தொகையும் இருக்கிறது. ஆனால் பணம் தவணையாக வருகிறது. சுவர் ஒரு கட்டம் எழும்பி, அதிகாரி வந்து பார்த்து, படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான காசு வங்கிக் கணக்கில் விழும்.

இங்கேதான் முடிச்சு. சுவர் எழும்பினால் பணம் வரும். பணம் இருந்தால்தான் சுவர் எழும்பும். கையில் ரொக்கம் வைத்திருப்பவருக்கு இது ஒரு சிக்கலே இல்லை. நடவுக் கூலியில் அரிசி வாங்கும் விதவைக்கு வானம் தோண்டவே காசு கிடையாது. அவள் எங்கே போவாள்? வாரவட்டிக்குப் போவாள். வீட்டுக்கு வந்த காசு வட்டிக்குப் போகும். கொத்தனார் கூலி பாக்கி நிற்கும். அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். வீடு நின்றுவிடும். எருக்கு முளைக்கும்.

கட்டட வேலையில் பழகியவர்களைக் கேளுங்கள்: மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலிதான் என்பார்கள். அந்தப் பங்கை நம்மால் போட முடியும். வானம் தோண்டவும், ஜல்லி கொட்டவும், செங்கல் எடுத்துக் கொடுக்கவும், கலவை போடவும், சுவர் எழுப்பவும், எழுப்பிய சுவருக்குத் தண்ணீர் விடவும் நம் கைகள் போதும். அரசு தராத அந்த முதல் தவணை நம் உழைப்புதான், தோழியரே. பத்துப் பெண்கள் வரிசையில் நின்றால் பேஸ்மட்டம் எழும்பும். பேஸ்மட்டம் எழும்பினால் காசு வரும். காசு வந்தால் கம்பியும் சிமெண்டும் வாங்கலாம். வட்டிக்காரருக்கு வாசல்படி ஏற வேலை இருக்காது.

நாம் நிற்கும் மண் எது என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த தெரு. பண்ணையார்களின் அடியாட்களுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் புகுந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர் கருகி மாண்டார்கள். கீற்றும் மண்ணும் கொண்டு கட்டிய அந்த வீடு யாரையும் காக்கவில்லை. நமக்குக் கல்வீடு வேண்டும் என்பதை ஆடம்பரம் என்று சொல்பவர்களிடம் வெண்மணியைச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் நமக்கு மனையே சொந்தமில்லை. பண்ணையாரின் நிலத்தில் குடிசை. கூலி கேட்டால் குடிசையைப் பிரித்துப் போடுவார்கள். அந்தக் காலத்தில்தான் மணலூர் மணியம்மை வந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதில் கணவனை இழந்தவர். கிராப்பு வெட்டிக்கொண்டார், வேட்டி கட்டிக்கொண்டார், சிலம்பம் கற்றார், சேரிக்குள் வந்து நம் பாட்டிமாருக்குச் சங்கம் கட்டிக் கொடுத்தார். பெண் இதையெல்லாம் செய்யலாமா என்று அவர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1971இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம் வந்தது. நம் பெரியவர்கள் ரத்தம் சிந்தி வாங்கியது மனை. அதன் மேல் சுவர் எழுப்புவது நம் தலைமுறையின் பாக்கி.

வெண்மணி எரிந்த பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். 1981இல் லாப்டி என்ற 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' தொடங்கினார்கள். பேசியும், சத்தியாகிரகம் இருந்தும், வங்கிக் கடனைத் திரட்டியும், குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். பெண்கள் பெயரில் பத்திரம் எழுத வைத்தார்கள். நிலத்தோடு கிருஷ்ணம்மாள் நிறுத்தவில்லை. குடிசைகளைக் கல்வீடாக்க வேண்டும் என்று கிளம்பினார். பயிர்வேலை இல்லாத மாதங்களில் ஊர்க்காரர்களே செங்கல் அறுத்தார்கள். கொத்துவேலையும் தச்சுவேலையும் சொல்லிக் கொடுக்கப் பயிற்சிகள் நடந்தன. 2008இல் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதிலும் யாருக்கு வீடில்லை என்று கேட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போனவர் அவர். நம்மில் பாதிப் பேருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை!

இப்போது நம்மைப் பற்றி ஒரு வார்த்தை.

அறுவடை முடிந்ததும் நம்மில் எத்தனை பேர் திருப்பூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போகிறோம்? அங்கே நமக்குப் பெயர் சித்தாள். இருபது வயதில் தலையில் சும்மாடு வைத்தவள் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். அவளோடு வேலைக்குச் சேர்ந்த பையன் இரண்டு வருடத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அவள் அவனுக்கே கலவை எடுத்துக் கொடுப்பாள், அவன் கூலியில் பாதியை ஒட்டி வாங்கிக்கொண்டு. மாடி மாடியாகப் பாண்டு சுமந்து ஊரார் வீடுகளை எழுப்பியவள், திரும்பி வந்து நுழைவது கீற்றுக் குடிசைக்குள்.

கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், செங்கல் எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எந்தச் சுமையில் மணல் கூடுதல், எதில் சிமெண்ட் குறைவு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கையில் கரணையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. வரிசை நடவில் கயிறு பிடித்து, ஒரு நாற்றுக்கூடப் பிசகாமல் வயலை நட்டு முடிப்பவளுக்கு, சுவரில் நூல் பிடித்து வரிசை வைப்பது புதிய வித்தையா? தூக்குக்குண்டு விடவும் ரசமட்டம் பார்க்கவும் கற்றுக்கொள்ள நாலு நாள் போதாதா?

ஆகவே இந்தக் கோடையில் நாம் எழுப்பும் ஒவ்வொரு சுவரும் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வீடாக வேண்டும். நம்மில் இரண்டு பேரையாவது கொத்தனார் ஆக்க வேண்டும். செங்கல் சுமக்க மட்டும் கூப்பிடும் வேலைக்கு நாம் வரவில்லை. சும்மாட்டை இறக்குங்கள். கரணையைக் கையில் எடுங்கள்.

முடியாது என்று சொல்வதற்கு இனி இடமில்லை. மற்ற ஊர்ப் பெண்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

1993 செப்டம்பர் 30 விடியலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி நிலநடுக்கத்தில் நொறுங்கியது. மறுகட்டுமானம் தொடங்கியபோது, 'ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்' என்ற அமைப்பின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் வேலைக்குள் வந்தார்கள். வீட்டுக்காரர்களுக்குத் திட்டத்தை விளக்கினார்கள். எந்தச் சுவர் நிலநடுக்கத்தைத் தாங்கும், எது தாங்காது என்று கற்றுக்கொண்டு, கட்டும்போதே கேள்வி கேட்டார்கள். 2001இல் குஜராத் குலுங்கியபோது அந்தப் பெண்கள் அங்கே போனார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கும் வந்தார்கள். மொழி தெரியாத பெண்கள் நம் நாகைக்கு வந்து, வீடு கட்டும்போது பெண்கள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பாடத்தை நாம் இன்னும் நடத்தி முடிக்கவில்லை.

ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டக் கொத்தனார் கிடைக்காதபோது, சுயஉதவிக் குழுப் பெண்கள் பயிற்சி எடுத்துத் தாங்களே கட்டினார்கள். 'ராணி மிஸ்திரி' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்களின் கட்டுமானக் குழுக்கள் ஏழைகளின் வீடுகளைக் கடைக்காலிலிருந்து கூரை வரை கட்டிக் கொடுக்கின்றன. 1991இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் பெண்கள், தங்கள் குழுவாகவே ஒரு வீட்டை எழுப்பினார்கள். அந்த ஒரு வீட்டிலிருந்து வெவ்வேறு நாடுகளுக்குப் பரவியது பெண்கள் கட்டும் வேலை. அந்த அமைப்பிடம் வீடு பெறுகிற குடும்பமும் கூடவே நின்று உழைக்க வேண்டும் என்பது விதி. தென் அமெரிக்காவின் உருகுவேயில் 1968இல் வந்த வீட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பரஸ்பர உதவிக் கூட்டுறவுகள் பெருகின. ஒவ்வொரு குடும்பமும் வாரத்துக்கு 21 மணி நேர உழைப்பைத் தர வேண்டும். எந்த வீடு யாருக்கு என்று கட்டி முடியும்வரை சொல்வதில்லை; அதனால் எல்லாச் சுவரும் ஒரே கவனத்தோடு எழும்பும். நமக்கும் ஏற்ற ஏற்பாடு அது.

சில தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்ல வேண்டும். "நீங்கள் சும்மா உழைத்தால், அரசு தன் கடமையிலிருந்து நழுவாதா? கட்டடத் தொழிலாளியின் கூலியை நீங்களே அடிப்பதாகாதா?"

அரசு நழுவ நாம் விடப் போவதில்லை. திட்டத்தில் எழுதிய ஒவ்வொரு ரூபாயையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கட்டுகிறோம். பிரதமர் வீட்டுத் திட்டம் வகுக்கப்பட்டபோதே, சமவெளியில் வீடு கட்டும் குடும்பத்துக்கு 90 மனித நாள் கூலியை நூறு நாள் வேலைக் கணக்கில் தர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு அது முழுசாகக் கிடைத்தது? ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேட்போம். நிற்கும் சுவரைக் காட்டிக் கேட்கும்போது நம் குரலுக்கு வலு கூடும்.

கூலி விஷயத்தில் கோடு கிழித்தாற்போல் இருப்போம். ஒப்பந்தக்காரர் எடுத்த வேலையில் நம் ஒரு கைகூடப் படக் கூடாது. காசு கொடுக்க வசதியுள்ள வீட்டுக்கு இலவச உழைப்பு கிடையாது. தலைக் கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் ஊர் வழக்கப்படி முழுக் கூலி. கூலிக்கு மேல் ஒரு வேண்டுகோளையும் வைப்போம்: நம் பெண்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுங்கள், அண்ணா. அப்படிக் கற்றவர்களின் பெயர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் சித்தாள் என்றிருந்தால், அதைக் கொத்தனார் என்று மாற்றச் சொல்லிக் கூட்டாகப் போய் நிற்போம். 1994இல் தொழிலாளர்கள் போராடி வாங்கிய வாரியம் அது.

அன்றாடக் கூலியில் வாழும் தோழி ஒரு நாள் வந்து உழைத்தால் அன்று அவள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அதற்கும் வழி பண்ணியாக வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளே, செவிலியர்களே, வங்கியிலும் அலுவலகத்திலும் இருக்கும் சகோதரிகளே! ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வாருங்கள். வர முடியாத வாரம் ஒரு தோழியின் ஒரு நாள் கூலியைப் பொதுப்பெட்டியில் போடுங்கள். தியாகம் செய்யும் பொறுப்பை ஏழையின் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது.

இனி வேலைத் திட்டம். குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, காகிதம். பட்டா இல்லாமல் எந்தத் திட்டமும் கதவைத் திறக்காது. படிக்கத் தெரிந்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் பட்டா, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றையும் சரிபாருங்கள். புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு மனு எழுதுங்கள். பிரதமர் திட்டத்தின் விதியே கணவன் மனைவி இருவர் பெயரிலும், அல்லது பெண் பெயரில் மட்டும், வீடு ஒதுக்கலாம் என்கிறது. நாம் கை வைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பெண்ணின் பெயர் இருக்க வேண்டும். குடித்துவிட்டு வந்து "வெளியே போடி" என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லாத வீடாக அது இருக்கட்டும்.

இரண்டாவது, யாருக்கு முதலில்? கிராமக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் முடிவு செய்யுங்கள். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி உள்ள வீடு, பாதியில் நின்ற வீடு ஆகியவை முன்வரிசையில். நம் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவரின் சொந்தக்காரர் கடைசி வரிசையில்.

மூன்றாவது, மண்ணும் தண்ணீரும். நம் மண் களி; கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். கடைக்கால் ஆழத்தில் கஞ்சத்தனம் பிடித்தால் இரண்டே வருடத்தில் சுவர் பிளக்கும். வேதாரண்யம் பக்கத்துத் தோழிகள் உப்பு மணலையும் உவர் நீரையும் கலவையில் சேர்க்க விடாதீர்கள்; அது உள்ளிருந்தே கம்பியைத் தின்றுவிடும். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் என்ன செய்தது என்று பார்த்தோம். லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதம். ஆகவே லிண்டல் கான்கிரீட் சன்னலுக்கு மேல் மட்டும் போதாது. சுற்றிலும் ஒரே பட்டையாக ஓட வேண்டும். கூரை போட்டதும் மேலே பாத்தி கட்டி, 21 நாள் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்தி கட்டுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது, ஆள் பிரிவு. கட்டட வேலை தெரிந்தவர்கள் முன்னணியில். இளம்பெண்கள் கரணை கற்பவர்களாக. வயதானவர்கள் சமையலும் குழந்தைகளும். வேலை நடக்கும் இடத்தில் தூளி கட்ட நிழலும், மறைவான கழிப்பிடமும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். எத்தனை கட்டட வேலையில் இவை இல்லாமல் நாம் சீரழிந்திருக்கிறோம்! சாரத்தில் ஏறுகிறவள் தலையில் தொப்பி, காலில் செருப்பு கட்டாயம். கர்ப்பிணிகள் சுமை தூக்கக் கூடாது.

ஐந்தாவது, இது நிபந்தனை. ஒரே பானைத் தண்ணீர். ஒரே பந்தி. ஊர்த்தெருவிலிருந்து வருகிறவர்கள் காலனி வீட்டில் உலை வைத்த சோற்றைச் சாப்பிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். சாதியை வாசலில் கழற்றிவைக்க முடியாதவர்கள் வர வேண்டாம். அவர்கள் தூக்கிக் கொடுக்கும் செங்கல் நமக்குத் தேவையில்லை.

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் வரலாம்; வர வேண்டும். கம்பி வளைக்கவும் சென்ட்ரிங் அடிக்கவும் உங்கள் துணை வேண்டும். ஆனால் வந்த அன்றே மேஸ்திரி ஆகிவிடாதீர்கள். இந்த வேலைக்குத் தலைமை பெண்கள். வீட்டில் சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் மனைவியையும் மகளையும் வேலைக்கு அனுப்பி வைத்தால், அதுவும் நீங்கள் எழுப்பிய சுவர்தான்.

தோழியரே, நம்மால் எல்லா வீடுகளையும் கட்டிவிட முடியாது. எட்டு லட்சம் வீடு என்பது அரசு செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்ய வைப்பதும் நம் வேலை. ஆனால் ஊருக்கு ஒரு வீடு நம்மால் முடியும். ஒரு வீடு முடிந்தால் அதில் கொத்துவேலை கற்ற இருவர் அடுத்த வீட்டைத் தொடங்குவார்கள். முதல் வீட்டுக்காரி இரண்டாவது வீட்டுக்கு வந்து நிற்பாள். அதுதான் அவள் தர வேண்டிய ஒரே கைமாறு. இப்படி மூன்று கோடை நகர்ந்தால், பாதியில் நின்ற வீடு என்று சுட்டிக்காட்ட இந்தக் கடைமடையில் ஒன்றுகூட மிஞ்சாது.

இந்த வாரமே கூட்டம் போடுங்கள். மாரியம்மன் கோயில் திடலோ, பள்ளிக்கூட வராந்தாவோ, ரேஷன் கடை வாசலோ, எங்கே பெண்கள் கூடுவார்களோ அங்கே. முதல் கூட்டத்திலேயே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இரண்டாம் கூட்டத்துக்கு மம்பட்டியோடு வாருங்கள். பட்டியல் முழுதாகட்டும், உத்தரவு வரட்டும், தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மழை எந்த உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை.

முளைக்குச்சி அடியுங்கள். நூல் கட்டுங்கள். வானம் தோண்டுங்கள். மாசி பிறக்கும் முன் ஒவ்வொரு ஊரிலிருந்தும் பெயர்கள் வர வேண்டும்: கட்டப் போகிறவர்கள் யார், கட்டப்படும் வீடு யாருடையது என்று. முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள்!